மெழுகு உருக்கும் மெஷின்: தொடும் முன் படியுங்கள்

தோழிகளே, கரண்ட் மெழுகு மெஷின் வந்து ஒரு வாரம் ஆகிறது. தண்ணீர்ச் சட்டிக்குள் டப்பாவை இறக்கி உருக்கும் பாடு இனி இல்லை. ஆனால் சில விஷயங்கள்.

மெழுகுவர்த்திக்கு நாம் உருக்கும் பாரஃபின் மெழுகு 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். 80க்கு மேல் திருக வேண்டாம். நேற்று யாரோ அவசரத்தில் 120ல் வைத்ததில் மெழுகு மஞ்சளாகிவிட்டது. சிவப்புச் சாயம் போட்டு ஒப்பேற்றினேன், சரி போகட்டும். சீக்கிரம் உருக வேண்டுமா? கட்டியை உடைத்துப் போடுங்கள்.

குழாய் அடைத்தால் கம்பியால் குத்தாதீர்கள். உள்ளே உருகியிருந்தாலும் குழாய் வாயில் மெழுகு உறைந்திருக்கும். ஹேர் டிரையரைக் கொஞ்ச நேரம் காட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்கும், அப்புறம் திடீரென்று கொட்டும். கீழே கிண்ணம் இருக்கட்டும்.

ஈர அச்சு, ஈரக் கை கிட்டவே வரக்கூடாது. சூடான மெழுகில் தண்ணீர் பட்டால் தெறிக்கும். தப்பித்தவறி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சுவிட்சை அணைத்து, மூடியால் மூடுங்கள்.

உருகிய மெழுகை ஜக்கில் பிடித்த பிறகு வாசனை எண்ணெயைக் கலக்குங்கள். மெஷினுக்குள் ஊற்றினால் அடுத்த வாரம் வரை எல்லாவற்றிலும் மல்லிகை வாசம்தான்.

மிச்ச மெழுகைச் சிங்க்கில் ஊற்றியது யார் என்று கேட்கமாட்டேன். பிளம்பருக்கு 400 ரூபாய் கொடுத்தாயிற்று.