பழுதுபார்ப்புச் சீட்டில் ஒரு புதிய வரி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

துப்பாக்கியைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ எங்கள் பட்டறையில் ஒப்படைக்கும்போது நீங்கள் ஒரு சீட்டை நிரப்பித் தருகிறீர்கள். அதில் உரிம எண்ணுக்கும் துப்பாக்கியின் வரிசை எண்ணுக்கும் கீழே அண்மையில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. "உங்களுடைய மற்ற பொழுதுபோக்குகள்" என்று கேட்டிருக்கிறோம். சிலர் உற்சாகமாக எழுதினார்கள், ஒருவர் சீட்டின் பின்பக்கம் வரைக்கும் போய்விட்டார். வேறு சிலர் பேனாவை நிறுத்திவிட்டு, "இதற்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? யாருக்காக இந்த விவரம்?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. துப்பாக்கி வைத்திருப்பவர் தம்மைப் பற்றிய தகவல்களில் கவனமாக இருப்பதை நாங்கள் மதிக்கிறோம்.

எனவே முதல் விளக்கம்: அந்த வரி கட்டாயமில்லை. காலியாக விட்டாலும் உங்கள் வேலை வழக்கம்போல் நடக்கும். எழுதினால் அது எங்கள் பட்டறைக்குள்ளேயே இருக்கும். விளம்பரத்துக்கென்றோ வேறு எதற்கென்றோ யாரிடமும் அதைக் கொடுக்க மாட்டோம்.

இனி, ஏன் கேட்கிறோம் என்பதற்கு வருகிறோம். துப்பாக்கி எங்கள் மேசைக்கு வரும்போது அதன் பழுது மட்டும்தான் தெரிகிறது. அந்தப் பழுது எங்கிருந்து வந்தது என்பதை, பல நேரங்களில், உரிமையாளரின் மற்ற ஈடுபாடுகள்தான் சொல்கின்றன. குழலின் மேல்புறத்தில், கை பிடித்துத் தூக்கும் இடத்தில் மட்டும், நான்கு விரல்கள் பதிந்த வடிவில் மெல்லிய செம்பழுப்புத் துரு படிந்திருக்கும். மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல் இருக்கும். கையில் ஒட்டியிருந்த உப்பின் வேலை அது. விசாரித்தால், அவர் கடல் தூண்டிலில் பிரியமுள்ளவராக இருப்பார். உப்புத் தண்ணீர் பட்ட கை, உப்புக் காற்றில் நின்ற வண்டி, அதே வண்டியில் துப்பாக்கி உறை. இதை அறியாமல் துருவைத் துடைத்து எண்ணெய் பூசி அனுப்பினால், அடுத்த பருவத்தில் அதே விரல்கள் அதே இடத்தில் மறுபடியும் வந்து நிற்கும். அறிந்துகொண்டால், தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைக்கச் சொல்வோம். தோல் உறையில் நீண்ட நாள் வைக்க வேண்டாம் என்றும் சொல்வோம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எடுத்துச் செல்வதற்குத்தான் அது நல்லது, வைத்திருப்பதற்கு அன்று.

தூண்டில்காரர்களிடம் இன்னொன்றும் பேச வேண்டியிருக்கிறது. தூண்டிலுக்கான ஈயக் குண்டுகளை வீட்டிலேயே உருக்கி வார்ப்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள். சுடுதளத்தில் ஈயத் துகளைச் சுவாசிப்பவர், வீட்டிலும் உருகிய ஈயத்தின் முன் நின்றால் இரண்டும் ஒரே உடம்பில்தான் சேர்கின்றன. ஈயம் உடம்பைவிட்டு அவ்வளவு எளிதில் வெளியேறாது. எலும்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் இருக்கும். சிறு குழந்தைகளின் உடல் அதைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். தளத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவுங்கள். கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள், அதைத் தனியாகத் துவையுங்கள். ஈயம் உருக்குவது வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டும் இருக்கட்டும், சமையல் பாத்திரம் எதுவும் அந்த வேலைக்குப் போகக் கூடாது. இரண்டு வழக்கமும் உள்ளவர்கள் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்வது மிகவும் நல்லது. இந்த ஒரு செய்தி உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தாலே, அந்த வரியைச் சேர்த்ததற்குப் பயன் கிடைத்ததாக எண்ணுவோம்.

அடுத்து மரவேலைக்காரர்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் இவர்கள்தாம் ஏராளம் என்று தோன்றுகிறது, அதில் வியப்பும் இல்லை. துப்பாக்கியின் மரப்பகுதியான நல்ல வால்நட் கட்டையில் ரேகைகள் ஓடும் விதத்தைப் பார்த்து மயங்கியவர், சீக்கிரமே தாமாக ஓர் உளியை வாங்கிவிடுவார். கட்டையில் சிறு பள்ளம் விழுந்தால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள் என்பதுதான் அவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது. மரம் நசுங்கியிருக்கிறதே தவிர, குறைந்துபோகவில்லை. மேல் பூச்சு நீங்கிய இடத்தில் ஈரத்துணியை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் லேசாகத் தொட்டால் நீராவி உள்ளே போய் நார்கள் உப்பி எழும்பும். நார் அறுந்திருந்தால் மட்டும் இது பலிக்காது. மேசை நாற்காலி செய்பவர்களுக்கு இது பழகிய வித்தை, துப்பாக்கிக்காரர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

ஆளிவிதை எண்ணெயை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். கட்டைக்கு மெருகேற்ற நாம் பூசுவதும், எண்ணெய் வண்ண ஓவியர்கள் நிறத்தைக் குழைப்பதும், கிரிக்கெட் மட்டைக்குப் பருவத் தொடக்கத்தில் தடவுவதும் இதே எண்ணெய்தான். இது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. இறுகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, தீக்குச்சி எதுவும் இல்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். இது மிகைப்படுத்தல் இல்லை, பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன. துணியை வெட்டவெளியில் ஒற்றையாக விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். வீட்டில் ஓவியம் வரைபவர் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள்.

கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள், பழைய தையல் இயந்திரங்களைச் சேர்ப்பவர்கள், சிறு ரயில் மாதிரிகள் செய்பவர்கள் ஆகியோரோடு எங்களுக்குத் தனி நெருக்கம் உண்டு, காரணம் திருகாணி. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்புபோல் சரிந்து போகும். திருகாணித் தலையில் உள்ள பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும் தொடும். அழுத்தித் திருப்பினால் நழுவி மேலே ஏறும், ஏறும்போது விளிம்பைச் சிதைத்துவிட்டுப் போகும். துப்பாக்கிக்கான திருப்புளியின் நுனி இரு பக்கமும் இணையாகக் குடையப்பட்டிருக்கும். பள்ளத்தின் அடிவரை இறங்கி, சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும். ஒரு துப்பாக்கியின் பழைய உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், நாங்கள் குழலைப் பார்ப்பதற்கு முன் திருகாணித் தலைகளைத்தான் பார்ப்போம். கடிகாரக்காரர்களின் துப்பாக்கியில் பிசிறு நீட்டிய திருகாணி அநேகமாக இருப்பதில்லை. இவர்களிடம் நல்ல திருப்புளி ஏற்கெனவே இருக்கும், எங்களிடம் புதிதாக வாங்க வேண்டாம் என்று சொல்லியே அனுப்புகிறோம்.

பறவை பார்ப்பவர்களும் வான் பார்ப்பவர்களும் அடுத்த பெரிய கூட்டம். இவர்களிடம் ஒரு கண்டிப்பு உண்டு. துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கி வழியாகப் பறவையையோ மனிதரையோ, தொலைவில் அசைவது என்ன என்றோ பார்க்கவே கூடாது. ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கேயே குழலும் பார்க்கிறது. சுட எண்ணாத எதன்மீதும் முனை திரும்பக் கூடாது என்பது முதல் பாடம். பார்ப்பதற்கு பைனாகுலர் இருக்கிறது. வாங்கும்போது அதில் உள்ள இரண்டு எண்களையும் கவனியுங்கள். 8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லையின் விட்டம் 42 மி.மீ. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 5 மி.மீட்டருக்குச் சற்று அதிகம். சட்டைப்பைக்குள் அடங்கும் 10x25 தருவது 2.5 மி.மீ.தான். நடுப்பகலில் வித்தியாசம் தெரியாது. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியலிலும் அந்தியிலும்தான் அது இருண்டு கைவிடும்.

வான் பார்ப்பவர்கள் ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகைப் புரிந்துகொள்ளும் வேகம் எங்களை மகிழ்விக்கிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கை அவர்கள் ஏற்கெனவே கண்ணால் அறிந்தவர்கள். முழுநிலவின் அகலம் ஏறத்தாழ அப்படிப்பட்ட 30 பங்குகள், வியாழன் மிக அருகில் வரும்போதும் ஒரு பங்கை எட்டாது. அதே ஒரு பங்கு, 100 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கில் 29 மி.மீ. ஆகிறது. திருகின் ஒரு சொடுக்கு கால் பங்கு என்றால், குறி நகர்வது 7 மி.மீ. அளவு. சூடான நிலத்துக்கு மேல் இலக்கு நெளிவதும், நட்சத்திரம் துடிப்பதும் ஒரே காற்றின் வேலை என்பதையும் இவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புகைப்படக்காரர்களுக்கும் துப்பாக்கிக்கும் உறவு நெடியது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மாரே 1882-இல் துப்பாக்கி வடிவிலேயே ஒரு கேமரா செய்தார். தோளில் சாய்த்து, பறக்கும் பறவையைக் குறிபார்த்து, விசையை இழுத்தால் நொடிக்கு 12 படங்கள் எடுக்கும். பறவையியல் அறிஞர் சாலிம் அலிக்குப் பறவைகள்மீது ஈடுபாடு பிறந்ததும், சிறுவனாக ஏர் கன்னால் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டை அடையாளம் காண பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனதில்தான். துப்பாக்கியை உறையில் வைத்துவிட்டு கேமராவோடு மட்டும் காட்டுக்குப் போகத் தொடங்கிய வாடிக்கையாளர்கள் எங்களுக்கும் உண்டு. அவர்கள் வரவு குறைந்ததில் எங்களுக்கு வருத்தமே இல்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவதும், விரலின் நுனியால் மட்டும் மெல்ல அழுத்துவதும் அங்கேயும் அதே பயிற்சிதான். பூஞ்சை பிடிக்காமல் கேமராவை வைக்கும் ஈரப்பதம், நூற்றுக்கு 40 முதல் 50 வரை, துப்பாக்கிக்கும் ஒத்துவரும். ஆனால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். கேமரா அலமாரியை வீட்டில் எல்லாரும் திறப்பார்கள். துப்பாக்கி தனிப் பூட்டில் இருக்க வேண்டும், தோட்டா வேறொரு பூட்டில்.

இசைக்காரர்களுக்குச் சுருக்கமாக: பெரும்பாலான துப்பாக்கிகளின் வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். அந்த அளவில் ஒரே ஒரு சத்தம்கூடக் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். சுருதி சேர்க்கும் காது உங்களுடையது. நுரை அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும், இரண்டுமே போடுங்கள்.

இதுவரை சொன்னவை பட்டறைக் காரணங்கள். அந்த வரியைச் சேர்க்க எங்களைத் தூண்டிய இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மடலை முடிக்க முடியாது.

துப்பாக்கி வைத்திருப்பவர் தனியராக இருந்துவிடக் கூடாது என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம். ஸ்வீடனின் துப்பாக்கி சுடும் வீரர் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 72. இவ்வளவு காலம் கூடவே வரக்கூடிய ஒரு விளையாட்டில், வாழ்க்கையின் எல்லாப் பருவங்களும் வந்து போகும்: இழப்பு, ஓய்வு, நோய், கடன், பிரிவு. மனச்சோர்வு வரும்போது ஆசையாகச் செய்துவந்த காரியங்கள்மீது பற்று விட்டுப்போவது அதன் முக்கியமான அறிகுறி. வாரந்தோறும் தூண்டிலைப் பற்றிப் பேசியவர், "அதெல்லாம் விட்டுவிட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னால், நாங்கள் கேட்காமல் இருக்க மாட்டோம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்திருந்தால்தானே, அது நின்றுபோனதும் தெரியும்?

நீங்களும் ஒருவரையொருவர் இப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். நண்பர் ஒருவர் நிலைகுலைந்திருப்பதாகத் தோன்றினால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உங்களையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மருத்துவரிடம் கூடவே போங்கள். அவர் தேறி வரும்வரை துப்பாக்கி அவர் வீட்டில் இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கும். அந்த எண்ணத்தின் கடுமையான வேகம் பெரும்பாலும் குறுகிய நேரத்துக்கே நீடிக்கிறது, அந்த நேரத்தில் துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டம் இடம் கொடுக்கும் வழியில், உரிய ரசீதோடு, எங்கள் இரும்புப் பெட்டகத்தில் அதை வைத்துக்கொள்கிறோம். காரணம் கேட்க மாட்டோம், கட்டணமும் வாங்க மாட்டோம். உங்களுக்காகவே வைக்க வேண்டுமென்றாலும் அப்படியே.

கடைசியாக ஓர் அறிவிப்பு. அடுத்த மாதம் முதல், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை, பட்டறையின் பெரிய மேசையை உங்களுக்காகக் காலி செய்து வைக்கிறோம். உளி, சாணைக்கல், தூண்டில் சக்கரம், பைனாகுலர், நட்சத்திர வரைபடம், பாதியில் நிற்கும் கடிகாரம், எதை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள். குடும்பத்தாரையும் அழைத்து வாருங்கள், சுட்டே பழகாதவர்களும் வரலாம். துப்பாக்கியையும் தோட்டாவையும் மட்டும் அன்று கொண்டுவர வேண்டாம். பழுதுபார்க்க ஒப்படைப்பதென்றால் வேலை நாளில் வாருங்கள். தோட்டா நீக்கி, உறையில் பூட்டிய நிலையில் கொடுங்கள். உறையை எங்கள் ஆள் திறப்பார். வெடியறை காலி என்பதை நீங்களும் அவரும் சேர்ந்து பார்த்த பிறகே சீட்டில் கையெழுத்து.

அன்புடன்,
உங்கள் பட்டறையினர்