அறிவியல் புனைகதைக்கு ஒரு மதிப்புரைப் பத்தி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் இதழின் நூல் பக்கத்தில் பக்தி நூல்களுக்கும் வாழ்க்கை வரலாறுகளுக்கும் இடம் கிடைக்கிறது. அறிவியல் புனைகதைக்கு மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. அதற்கென ஒரு மதிப்புரைப் பத்தியைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இலக்கிய வகை வளர்ந்ததில் மதிப்புரையாளர்களுக்கும் கடிதம் எழுதிய வாசகர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. 1926இல் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கிய ஹ்யூகோ ஜெர்ன்ஸ்பேக், வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டதால், அந்த வாசகர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கி, மன்றங்கள் அமைத்து, சொந்தமாகச் சிற்றிதழ்களும் நடத்தினார்கள். கணினி வலையமைப்புகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, நேரில் சந்திக்காமல் நூல்களைப் பற்றி வாதிடும் சமூகம் ஒன்று இப்படி உருவாகிவிட்டது. அத்தகைய சிற்றிதழ் ஒன்றில்தான், 1945இல் டேமன் நைட் என்ற இளைஞர், அன்று பெரும் புகழோடு இருந்த எழுத்தாளர் ஏ.ஈ. வான் வோக்ட்டின் தொடர்கதையை எடுத்துக்கொண்டு, அதன் கட்டுக்கோப்பு எங்கெங்கே குலைகிறது என்று தயவின்றி எழுதினார். வான் வோக்ட் அக்கதையைப் பின்னர் திருத்தியே நூலாக வெளியிட்டார். நைட்டுக்கு 1956இல் அறிவியல் புனைகதைத் துறையின் ஹ்யூகோ விருது, சிறந்த நூல் மதிப்புரையாளருக்கான பிரிவில், கிடைத்தது. 'அஸ்டவுண்டிங்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நூல்களை மதிப்பிட்டு வந்த பி. ஸ்கைலர் மில்லரின் நிதானம்தான் நம் பத்திக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜொஹானஸ்பர்க்கிலும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள். ஜொஹானஸ்பர்க்கில் நிகழும் லாரன் பியூக்ஸின் 'சூ சிட்டி' நாவல் 2011இல் அறிவியல் புனைகதைக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றது. அதை விரும்பிப் படித்த என் பேத்தி, தமிழ்ப் பாடநூலுக்கு வெளியே ஒரு பக்கம் படிக்கத் தயங்குகிறாள். முன்பே தெரிந்த கதை என்றால், அதைப் பற்றிய தமிழ் மதிப்புரையை, சில சொற்கள் புரியாவிட்டாலும், ஊகித்துப் படித்துவிட முடியும். அப்படிப் பழகியவர்களுக்கு அடுத்ததாகச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை அறிமுகம் செய்யலாம்.

பாராட்டு மட்டுமே எழுதும் பத்தியாக அது இருக்க வேண்டாம். குறை இருந்தால் காரணத்தோடு சொல்லட்டும். மாறுபடும் வாசகரின் கடிதத்தையும் அடுத்த இதழில் வெளியிடுங்கள். தொடக்கத்திற்கு நூல்கள் தேவைப்பட்டால், என்னிடம் உள்ள சுஜாதா நூல்களை அலுவலகத்திற்கு அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்