விக்டோரியா வீதிப் பயாஸ்கோப் நினைவுகளைத் திரட்ட உதவியோருக்கு ஒரு நன்றி மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கும், எங்களுக்குத் தோள் கொடுத்த பிற மொழி அன்பர்களுக்கும் வணக்கம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், கோயில் மண்டபத்தில் நாங்கள் வைத்த பழைய பயாஸ்கோப் (சினிமா அரங்குகளுக்கு இங்கே வழங்கும் பெயர்) கண்காட்சி உங்கள் தயவால் நல்லபடியாக நடந்து முடிந்தது. இம்மடலின் ஆங்கில வடிவத்தைப் பொருள் தந்தவர்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறோம். ஆயினும், தமிழ்ப் படம் பார்த்த இடங்களைப் பற்றிய நன்றியைத் தமிழில் ஒரு முறையாவது எழுதி வைக்காமல் விடுவது முறையாகாது என்று குழுவிலுள்ள பெரியவர்கள் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

கிரே வீதியையும் விக்டோரியா வீதியையும் சுற்றி இந்தியர்களுக்கென்று நடந்த அவலான், ராயல், ராஜ், நாஸ், ஷாஜஹான் முதலிய அரங்குகளுக்கு இன்று யாரும் படம் பார்க்கப் போவதில்லை. வீதிகளின் பெயர்களும் மாறிவிட்டன. கிரே வீதி இப்போது டாக்டர் யூசுப் தாது வீதி; விக்டோரியா வீதி இப்போது பெர்த்தா ம்கீஸே வீதி. இந்த மாற்றத்தில் எங்களுக்குக் குறையேதும் இல்லை. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் இந்த நாட்டு விடுதலைக்காகப் பாடுபட்டவர்கள். ஆனால் பேரப்பிள்ளையிடம் "விக்டோரியா வீதியில் படம் பார்த்தோம்" என்று சொன்னால், அவன் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு அப்படியொரு வீதியே இல்லை என்கிறான். கட்டடத்தைக் காட்டியும் விளக்க முடியாது, வீதியைக் காட்டியும் விளக்க முடியாது என்ற நிலையில், மக்கள் வீட்டில் எடுத்து வைத்திருந்த பொருள்களை மட்டுமே நம்பித் தொடங்கிய வேலை இது.

அப்படி எடுத்து வைத்திருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வெளியூர் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்தது. நகராட்சித் தொழிலாளர்களாக இருந்த நம் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த மகசீன் பாரக்ஸ் 1960களில் காலி செய்யப்பட்டு, குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டன. வீட்டுச் சாமான் முழுவதையும் ஒரே லாரியில் ஏற்ற வேண்டிய நாளில், பழைய சினிமாச் சீட்டையும் பாட்டு நோட்டையும் யாராவது மறக்காமல் எடுத்து வைத்தார்கள் என்றால், அவர்களுக்கு அவை வெறும் காகிதமாக இருந்திருக்க முடியாது. பாரக்ஸிலிருந்து நடந்தே பயாஸ்கோப்புக்குப் போய் வந்தவர்களுக்குச் சாட்ஸ்வொர்த் போன பிறகு பேருந்துக் கட்டணமும் கடைசிப் பேருந்தின் நேரமும் பெரிய கணக்காகிவிட்டன. ஆகவே, அரங்குகளை மூடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எங்களில் பலருக்கு அவை இல்லாமல் போயின என்பதே என் கருத்து. தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் வந்து கெடுத்தன என்று சொல்வது பாதிக் கதைதான். இந்நாட்டில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரியில். அதுவும் ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும்.

முதல் நன்றி, வயது முதிர்ந்த நிலையிலும் மூன்று மாடி ஏறி வந்து எங்களுக்குப் பாடம் நடத்திய, அரங்கில் படம் ஓட்டி ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஐயாவுக்கு. ஒரு தமிழ்ப் படம் எட்டு அல்லது ஒன்பது பெரிய ரீல்களாக வரும் என்றும், ஒரு ரீல் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் என்றும், அது முடியும் தறுவாயில் திரையின் வலப்பக்க மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும்போது பக்கத்து எந்திரத்தைத் தயாராக ஓட்டிவிட வேண்டும் என்றும் அவர் சொன்னபோது, அதே படங்களை எந்திர அறைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்த எங்களில் ஒருவருக்கும் அந்தப் புள்ளி நினைவில் இல்லை. விளக்குக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளியைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டுமாம். கவனம் தப்பினால் படம் மஞ்சளித்துப் பிறகு இருண்டுவிடும். அப்படி இருண்டபோதெல்லாம் கீழே இருந்து விசில் அடித்தவர்கள் நாங்கள்தான் என்று நான் சொல்ல, "தெரியும், குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன்" என்றார்.

இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தைத் துண்டித்துக்கொண்டது. இங்கிருந்த இனவெறிச் சட்டங்களுக்கு எதிராக எடுத்த நியாயமான முடிவு அது. ஆனாலும் படம் வந்துகொண்டுதான் இருந்தது. நேர்வழியில் வராமல் வேறு நாடுகள் வழியாகச் சுற்றிக் கைமாறி வந்த பெட்டிகளில், கீறலும் ஒட்டும் நிறைந்த பிரதிகளையே பெரும்பாலும் ஓட்டியதாக ஐயா சொன்னார். பாட்டின் நடுவே ஒரு வரி தாவிப் போவது அங்கே வழக்கம்.

அந்தத் தாவலுக்கே சாட்சியாக ஒரு பொருள் கிடைத்தது. ஹார்மோனியம் வாசித்த ஒரு பெரியப்பாவின் பாட்டு நோட்டை அவர் மகள், எங்கள் அக்கா, இரவல் தந்தார். திருமணங்களில் வாசிக்கும் உள்ளூர் இசைக்குழுக்காரர்கள் புதுப் படம் வந்தால் அடுத்தடுத்த காட்சிகளுக்குப் போய்ப் பாட்டை மனப்பாடம் செய்வார்கள். தமிழ் எழுதப் படிக்கக் கற்க வாய்ப்பில்லாததால், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், இருட்டில், பென்சிலால் எழுதியிருக்கிறார். ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறியிருக்கிறது. சில இடங்களில் பென்சில் தாளை விட்டு விலகிப் போயிருக்கிறது. ஒரு பாட்டில் இரண்டாம் சரணத்தின் நடுவே கோடு போட்டு விட்டிருக்கிறார். பக்கத்தில் வேறு மையில், பின்னொரு நாளில், அந்த வரி நிரப்பப்பட்டிருக்கிறது. பிரதியில் தாவிய வரியை வேறு அரங்கில் வேறு பிரதியில் கேட்டு நிரப்பினார் என்பது அக்காவின் ஊகம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. கண்காட்சியில் எல்லோரும் நின்ற இடம் அந்த நோட்டின் முன்னால்தான். அக்கா அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சம்மதிக்கவில்லை. தாமே மேசையருகில் அமர்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். அவருடைய அந்த உழைப்புக்குத் தனியாக வணக்கம் செலுத்துகிறோம்.

பழைய சேலைப் பெட்டியின் அடியில் விரித்திருந்த லீடர் வார இதழின் தாள்களைக் கிழியாமல் பிரித்தெடுத்துத் தந்த பெரியம்மாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அதிலிருந்த சினிமா விளம்பரங்கள் வந்திராவிட்டால் எங்கள் குழுவே இரண்டாகப் பிரிந்திருக்கும். குறிப்பிட்ட ஒரு படத்தை அவலானில் பார்த்ததாக ஒரு மூத்தவரும், ராயலில் பார்த்ததாக அவருடைய தம்பியும் அடித்துச் சொல்ல, விளம்பரமோ இருவரையும் கைவிட்டு மூன்றாவது அரங்கைக் காட்டியது. இருவரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஷில்லிங் கணக்கில் விலை அச்சிட்ட சீட்டுகளை, ரேண்ட் நாணயம் நடைமுறைக்கு வந்த 1961 பிப்ரவரி 14க்கு முற்பட்டவை என்று வகைப்படுத்தினோம். மூன்று பென்ஸ் டிக்கிக் காசை அந்தச் சீட்டுகளோடு வைக்கத் தந்த தையற்கடை அண்ணாவுக்கும் நன்றி.

அரங்குகளை நடத்தியவர்களையும் இங்கே மறக்கக் கூடாது. ராவத், மூசா, காஜி, ரஜப் ஆகிய குடும்பத்தார் எவருக்கும் தமிழ் தாய்மொழி அன்று. இருந்தும் தமிழ்ப் படத்துக்கு இந்த ஊரில் இடம் கிடைத்தது. 1956இல் திறந்த ஷாஜஹானில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. லாபத்துக்காகத்தானே செய்தார்கள் என்று ஒருவர் விருந்தினர் ஏட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இருக்கட்டுமே, கோயிலையும் தெருக்கூத்து மேடையையும் விட்டால், நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக உட்கார்ந்து நல்ல தமிழைக் காதால் கேட்ட இடம் அவர்கள் கட்டியதுதான்.

அதே ஏட்டில் பலர் "அது பொற்காலம்" என்று எழுதியிருக்கிறார்கள். அன்போடு ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். வெஸ்ட் வீதியில் வெள்ளையருக்கென்று இருந்த அரங்குகளின் வாசலை நாம் மிதிக்க முடியாத காரணத்தால் வளர்ந்த இடங்கள் இவை. அங்கே கிடைத்த மகிழ்ச்சி உண்மை. அந்த மகிழ்ச்சிக்குப் போட்டிருந்த வேலியும் உண்மை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று வற்புறுத்திய பல்கலைக்கழக மாணவி, தமிழ் தட்டச்சையும் கண்காட்சிக்காகவே கற்றுக்கொண்டு எழுத்து வேலை முழுவதையும் முடித்துக் கொடுத்தார். இடைவேளையில் விற்ற பட்டாணி, கடலைப் பொட்டலங்களையும் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌவையும் அதே விதத்தில் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் வழங்கிய மகளிர் குழுவினரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இரண்டாம் நாள் கூட்டத்தில் பாதி அவர்களுக்காக வந்தது.

இரவல் வாங்கிய பொருள்கள் அனைத்தும் பட்டியலோடு கோயில் அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. உரியவர்கள் ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். வர இயலாத மூத்தோர் வீட்டுக்கு இளைஞர்களே கொண்டு வந்து தருவார்கள். படியெடுத்த நோட்டையும் ஒலிப்பதிவுகளையும், உரியவர்கள் சம்மதித்தால், வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்திடம் ஒப்படைக்க எண்ணியிருக்கிறோம். சம்மதக் கடிதத்தில் கையொப்பமிடாதவர்கள் பொருளைப் பெற வரும்போது தயவுசெய்து இட்டுச் செல்லுங்கள். அரங்குகளின் முகப்புப் படங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் உள்ளே இருக்கைகளும் திரையும் தெரியும்படி எடுத்த ஒரு புகைப்படம்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. கல்யாண ஆல்பத்திலோ பள்ளிப் பரிசளிப்பு விழாப் படங்களிலோ பின்னணியில் தற்செயலாக விழுந்திருந்தாலும் போதும். கண்ணில் பட்டால் அலுவலகத்தில் சொல்லி அனுப்புங்கள், நாங்களே வந்து படியெடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவின் சார்பில்,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.