பேருந்துக் கட்டணத்துக்கு யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் நன்கொடைச் செய்திகள் நாளிதழ்களில் வரிசைகட்டி வரும். பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை, அரசு மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலிகள், ஊராட்சிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம். எல்லாமே வேண்டியவைதான். ஆனால், வன்கொடுமைக்கு ஆளானவரைக் கூட்டிக்கொண்டு டிஎஸ்பி அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைபவரின் மாதச் சம்பளத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஒரு நிறுவனம் பணம் கொடுத்ததாகச் செய்தி பார்ப்பது அரிது. சமூக நீதிக்கென்று கொடுக்கப்படும் பணம் முதலில் போய்ச் சேர வேண்டியது அங்கேதான்.

காரணம் எளிது. உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தொகையும் அரசிடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடக்கிற ஆள் இல்லாததால்தான் அது வந்து சேருவதில்லை.

எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1989இல் வந்த சட்டம். 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி நிவாரணம், குற்றத்தைப் பொறுத்து, 85,000 ரூபாயிலிருந்து 8.25 லட்சம் வரை. அது ஒரே தவணையில் கைக்கு வராது. பல குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவானதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50 சதவீதம், விசாரணை நீதிமன்றம் தண்டனை விதித்தால் மீதி 25. ஒவ்வொரு தவணையும் தானாக நகராது. எஃப்ஐஆர் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்கத் தெரிந்தவர் உடன் இருந்தால்தான் அது நடக்கும். அந்த நகலில் வன்கொடுமைச் சட்டப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். சாதாரணப் பிரிவுகள் மட்டும் போடப்பட்டிருந்தால் நிவாரணக் கோப்பு தொடங்கவே தொடங்காது. பிறகு சாதிச் சான்று, வங்கிக் கணக்கு. ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு எழுத்து என்றால் பணம் அங்கே நின்றுவிடும். பல மாதம் பயன்படுத்தாத கணக்கு முடங்கிக் கிடப்பதும் உண்டு. இதற்குள் புகார் கொடுத்தவர் மீதே எதிர்வழக்கு வந்துவிட்டால், ஜாமீனுக்கு அலைவதில் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

அறுபது நாளில் விசாரணை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அறுபதாவது நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, அன்று எழுத்து மூலம் கேட்பவர் ஒருவர் வேண்டும். விதி 11 இன்னும் தெளிவானது. பாதிக்கப்பட்டவரும் சாட்சிகளும் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்துபோகும் பயணச் செலவையும் தினப்படியையும் அரசே தர வேண்டும்; உடனடியாக, தவறினால் மூன்று நாளுக்குள். கேட்டு விண்ணப்பிப்பவர் குறைவு என்பதால் இந்தத் தொகை பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. கூலி வேலை செய்யும் சாட்சி, வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலியை இழந்து எத்தனை முறை வருவார்? சாட்சி வராமல் வழக்கு விழுந்தால் ‘சாட்சி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறோம். அவரிடம் பேருந்துக்குக் காசு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் கதையும் இதுதான். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியர் கொடுக்கும் விடுதலைச் சான்றுதான் எல்லாவற்றுக்கும் சாவி. அது கையில் இருந்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் என நபரைப் பொறுத்தது, அது வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. மீட்பு நாளன்று கேமராக்கள் வரும். மறுநாள் முதல் அந்தக் குடும்பத்தோடு நிற்பவர் உள்ளூர்க்காரர் ஒருவர் மட்டுமே. அவரும் இல்லையென்றால், முன்பணம் வாங்கி அதே குடும்பம் வேறொரு செங்கல் சூளைக்குப் போய்ச் சேரும்.

ஆக, கொடுப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை பயனாளிகள்?’ என்பதல்ல, ‘எத்தனை ஆண்டு?’ என்பது. கையால் மலம் அள்ளும் முறைக்கு எதிராக சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுப் பணியாளர் இயக்கம் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது 2003இல். தீர்ப்பு வந்தது 2014 மார்ச் 27. நடுவில் 11 ஆண்டுகள், ‘எங்கள் மாநிலத்தில் இந்த வழக்கமே இல்லை’ என்று அரசுகள் சொல்லச் சொல்ல, உலர்கழிப்பிடங்களையும் அங்கே வேலை பார்த்தவர்களையும் ஊர் ஊராகப் பதிவு செய்து நீதிமன்றத்தில் வைத்தார்கள். பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது அந்தப் பெயர்ப் பட்டியல்களின் பலத்தில்தான். 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 30 லட்சமாக்கியது. கீழ்வெண்மணியில் 44 பேர் கொல்லப்பட்டது 1968இல். அதன் பின் அங்கே களமிறங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத்தரும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கியது 1981இல். பன்னிரண்டு மாதத் திட்டம், மார்ச்சில் கணக்கு முடிப்பு என்ற அளவுகோலுக்குள் இந்த வேலைகளில் எதுவும் அடங்காது.

பெருநிறுவனங்களின் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு நிதி) அலுவலர்கள் இதற்கு மூன்று தடைகளைச் சொல்வார்கள். மூன்றுக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

முதலாவது, ‘இது எங்கள் பட்டியலில் வராது’ என்பது. கம்பெனிகள் சட்டம் 2013, ஏழாம் அட்டவணையின் மூன்றாவது இனத்தைப் படித்துப் பாருங்கள். சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நடவடிக்கைகள் என்று அதில் எழுதியே இருக்கிறது. கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது. சட்ட உதவிப் பணியாளருக்குக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது, ‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது’ என்பது. இதுதான் களத்தில் மிகப் பெரிய சேதத்தைச் செய்யும் தவறான புரிதல். அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தத் தனக்கே செய்துகொள்ளும் பொது நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்பது விதியிலேயே உண்டு. இந்த வேலையில் திட்டமே மனிதர்கள்தான். அவர்கள் சம்பளத்தை ‘நிர்வாகம்’ என்ற தலைப்பில் போட்டு வெட்டினால், மிஞ்சுவது பேனரும் பயிற்சிக் கூட்டமும்தான்.

மூன்றாவது, ‘ஒரு வருடத்துக்குத்தான் ஒப்புதல் தர முடியும்’ என்பது. தொடர் திட்டம் என்று இயக்குநர் குழு தீர்மானித்தால், தொடங்கும் ஆண்டைத் தவிர்த்து மேலும் மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் அதற்கான தனிக் கணக்குக்கு மாற்றினால் போதும்.

உண்மையான தடை வேறொன்று. சிஎஸ்ஆர் பணம் பெறும் அமைப்புக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு எண், வருமான வரிப் பதிவுகள், மூன்று ஆண்டு முன்அனுபவம் எல்லாம் வேண்டும். ஊருக்குள் ஏழு பேர் சேர்ந்து நடத்தும் குழுவால் இது முடியாது. முன்பு வெளிநாட்டு நிதி பெறும் பெரிய அமைப்புகள் அதிலிருந்து சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தன. 2020 செப்டம்பரில் வந்த வெளிநாட்டு நிதிச் சட்டத் திருத்தத்தோடு அந்த வழியும் அடைபட்டது. இங்கேதான் தனிமனிதர்களும் குடும்ப அறக்கட்டளைகளும் தேவைப்படுகிறார்கள். அவர்களுக்கு மூன்று ஆண்டு விதி கிடையாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. அதற்கான பதிவு இல்லாத குழு அதைத் தொடவே கூடாது. நல்லெண்ணத்தில் அனுப்பிய சிறு தொகைகூடக் குழுவை வழக்கில் மாட்டிவிடும். உள்நாட்டில் கொடுப்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிக் கழிவு கிடைக்காது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. வரிக்காக மட்டும் கொடுப்பவர் இதைக் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.

பதிவு இல்லாத குழுவை, பதிவுள்ள உள்ளூர் அறக்கட்டளை ஒன்று தன் நிழலில் வைத்துக்கொள்வதும் நடக்கக்கூடியதே. குழுவின் தலைவர் அந்த அறக்கட்டளையின் திட்டப் பணியாளராகச் சம்பளம் பெறுவார். இதில் வழக்கமாக வரும் கோளாறு, ஓரிரு ஆண்டில் தலைவர் வெறும் ஊழியராகி, ஊர்க்காரர்கள் எடுத்த முடிவுகள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு இடம் மாறிவிடுவது. பணம் எந்தத் தேதிக்குள் வரும், அறக்கட்டளை தன் கணக்குச் செலவுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ளும், எந்த வழக்கை எடுப்பது என்று முடிவு செய்பவர் யார், மனுக்களும் பதிவேடுகளும் யாருக்குச் சொந்தம் ஆகிய நான்கையும் தொடக்கத்திலேயே எழுதி இருதரப்பும் கையெழுத்திட வேண்டும்.

பட்ஜெட் எப்படி இருக்க வேண்டும்? எங்கள் கணிப்பில், நூறு ரூபாயில் 60 முதல் 65 சம்பளத்துக்கு, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாமல், பெண் பணியாளருக்கும் அதே அளவில். பயணம், தொலைபேசி, நகல், தகவல் உரிமை மனுக்கள் ஆகியவற்றுக்கு 15. தணிக்கைக்கும் பதிவுப் புதுப்பிப்புக்கும் 10. மீதி அவசர நிதி. இரவில் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டி வந்தால் வண்டிக்கு யாரிடமும் ஒப்புதல் கேட்டு நிற்கக் கூடாது. முக்கியமாக, பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். ‘செலவு செய்துவிட்டு பில் அனுப்புங்கள்’ என்பது கையிருப்பு உள்ளவர்களுக்கான முறை. களத்தில் அதன் பொருள், அந்தப் பணியாளர் வட்டிக்கு வாங்கிச் செலவழிக்கிறார் என்பதே. டவுன் பஸ்ஸில் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை ஆறு மாதம் கழித்துக் கேட்பதில் பயனில்லை. தேதி, இடம், நோக்கம், தொகை எழுதிய பயணப் பதிவேடே போதுமான சான்று.

அறிக்கை ஆறு மாதத்துக்கு இரண்டு பக்கம், தமிழில். அதில் பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் படமும் வேண்டாம், வழக்கு எண் போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமே. மற்ற வழக்குகளிலும், நன்கொடையாளரின் முகநூல் பக்கத்தில் வந்த ஒரு புகைப்படம் எதிர்த்தரப்பின் கையில் போய்ச் சேர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் அந்த ஊரில் இருப்பவர்தான். எண்ணிக்கை இலக்கும் வைக்காதீர்கள். ‘ஆண்டுக்கு 500 பயனாளிகள்’ என்று எழுதினால், குழு கடினமான நான்கு வழக்குகளை விட்டுவிட்டு அடையாள அட்டை முகாம் நடத்தப் போய்விடும்.

யாரை நம்பிக் கொடுப்பது என்பதற்கு ஒரு வழி உண்டு. குழுத் தலைவரை அழைக்காமல் கிராமசபைக்குப் போய் உட்காருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே குழுவிலிருந்து எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள், பெண்கள் எழுந்து கேட்கிறார்களா, தலைவர் இல்லாமல் தீர்மானத்தைப் படிக்க இன்னொருவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் குறைந்தது மூன்று பேரில் இருவர் கையெழுத்து இருக்க வேண்டும். மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழு ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கடைசியாகக் கூடிய தேதியைக் கேட்டு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். போட்டிருந்தால் அது வேலை தெரிந்த குழு.

கடைசியாக, தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனிகள் தங்கள் சிஎஸ்ஆர் திட்டங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும், ஆண்டறிக்கையில் செலவு விவரத்தைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. வரும் மார்ச்சில் நன்கொடைச் செய்தியோடு வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும், ஏழாம் அட்டவணையின் மூன்றாவது இனத்தில் எவ்வளவு செலவிட்டீர்கள், அதில் களப்பணியாளர் சம்பளமாகப் போனது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் தங்கள் நிருபர்கள் கேட்டு, பதிலைப் படத்துக்குக் கீழேயே அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
களக்குழுக்களின் கணக்கையும் வழக்குப் பதிவேடுகளையும் பார்த்துவரும் வாசகர்கள்