தத்துவங்களைச் சண்டையோடு சொல்லிக்கொடுங்கள்: பி.எட். பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி. திருநெல்வேலிக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். கல்வித் தத்துவப் பாடத்தைப் பற்றித்தான் இந்த மடல். டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கும் ஆகாது, வகுப்பறைக்கும் ஆகாது, அதை எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. எனக்கு அந்தப் பாடம் இன்னும் கூடுதலாக வேண்டும். இப்போது தருவது போதவில்லை என்பதுதான் என் குறை.

நாங்கள் அதை எப்படிப் படிக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும். கைடைத் திறந்தால் இலட்சியவாதம், இயற்கைவாதம், யதார்த்தவாதம், பயனளவைவாதம், இருத்தலியல் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பொருள், நோக்கம், கற்பிக்கும் முறை, ஆசிரியரின் பங்கு, ஒழுங்கு, நிறை குறை. கடைசியில் ‘எல்லாவற்றிலும் உள்ள நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு முடிவு. பிளேட்டோவும் ரூசோவும் டூயியும் ஒரே பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்து, ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டுவது போல் இருக்கிறது. உண்மையில் இவர்களை ஒரு அறையில் விட்டால் அரைமணி நேரத்தில் சண்டை வந்துவிடும். அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று தெரிந்தால்தான் தத்துவம் புரியும். கைடு அதை மட்டும் விட்டுவிடுகிறது.

ரூசோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1762இல் வெளிவந்த ‘எமிலி’யை எழுதியவர், குழந்தையை மையமாக வைத்த கல்வியின் தந்தை, இயற்கையே ஆசிரியர் என்றவர். இதுவரைக்கும் கைடில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பாரிசிலும் ஜெனீவாவிலும் கொளுத்தினார்கள் என்பது இல்லை. அவர் தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அனாதைக் காப்பகத்தில் விட்டார் என்பதும் இல்லை. சரி, அது அவருடைய சொந்த வாழ்க்கை என்று விட்டுவிடலாம். ஆனால் அதே புத்தகத்தின் ஐந்தாம் பகுதியில் சோஃபி என்று ஒரு பெண் வருகிறாளே, அவளை எப்படி விடுவது? எமிலி என்ற பையன் சுதந்திரமாக, கேள்வி கேட்டு வளர வேண்டும். சோஃபியோ அவனுக்குப் பிடித்தவளாக இருப்பதற்காகவே வளர்க்கப்பட வேண்டும். இதைக் கண்டித்து 1792இல் ஆங்கில எழுத்தாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் ஒரு புத்தகமே எழுதினார். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். சோஃபியைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் ‘இயற்கைவாதத்தின் நிறைகள்’ என்று பத்து மார்க்குக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பிளேட்டோ விஷயம் இதற்கு நேர் எதிர். மனிதர்களில் தங்கம், வெள்ளி, இரும்பு, வெண்கலம் என்று பிறவியிலேயே கலந்திருக்கிறது என்று மக்களை நம்பவைக்க வேண்டும் என்றார் அவர். இதைக் கேட்டதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எது ஞாபகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரும்பு வீட்டில் தங்கம் பிறந்தால் அந்தப் பிள்ளையை மேலே கொண்டுபோக வேண்டும், தங்க வீட்டில் இரும்பு பிறந்தால் தயவு பார்க்காமல் கீழே இறக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். தகுதியுள்ள பெண்ணுக்கு ஆணுக்குக் கொடுக்கும் அதே பயிற்சி என்பதும் அவர் சொன்னதுதான். இருபத்துமூன்று நூற்றாண்டுக்கு முந்தைய மனிதர் அந்த ஒரு விஷயத்தில் ரூசோவுக்கு எத்தனையோ மேல். கைடில் இருப்பது ‘உண்மை, நன்மை, அழகு’ என்ற மூன்று சொல்தான்.

அடுத்து டூயி, பயனளவைவாத யூனிட்டில் வரும் அமெரிக்கத் தத்துவவாதி. எனக்கு மிகவும் பிடித்தவர், கொஞ்சம் பயத்தோடு பிடித்தவர். அவருடைய ‘செய்து கற்றல்’ என்றால் இங்கே எல்லா ஆசிரியர்களுக்கும் இனிக்கிறது. எங்கம்மா பீடி சுற்றியவர். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெண்களின் மடியில் பீடிச் சொளவு (முறம்) இருப்பதைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. இலை நனைப்பது, வெட்டுவது, தூள் வைத்துச் சுற்றுவது, கட்டுக் கட்டுவது, கடையில் கொண்டுபோய்க் கணக்குக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் பெண் பிள்ளைகள் செய்துதான் கற்றுக்கொண்டார்கள். பத்தமடையில் பாய், காருக்குறிச்சியில் மண்பானை. செய்து கற்றல் எங்களுக்குப் புதிது இல்லை. யார் பிள்ளை எதைச் செய்து கற்க வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? இந்த மண்ணில் கேட்க வேண்டிய கேள்வி அது.

டூயியே இதைக் கேட்டவர்தான். 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சுவேலை செய்தார்கள். யாரையும் தச்சனாக்குவதற்காக அல்ல. பஞ்சும் கம்பளியும் கையில் பட்டால் அதன் வழியாக வரலாறும் அறிவியலும் உள்ளே வரும் என்பது அவர் கணக்கு. தொழிலுக்கு ஒரு பள்ளி, படிப்புக்கு ஒரு பள்ளி என்று பிள்ளைகளைப் பிரிப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் பள்ளிக்குள்ளேயே இருந்தது. அதன் வழியாகவே மற்றப் பாடங்கள்.

இப்போது 1953க்கு வாருங்கள். சென்னை மாகாணக் கிராமங்களில் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் டூயி மாதிரியும் தெரியும், காந்தி மாதிரியும் தெரியும். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியர்களையும் வைத்தே இரண்டு ஷிஃப்டில் இரட்டிப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம் என்ற வாதமும் இருந்தது. ஆனால் கைத்தொழில் பள்ளியை விட்டு வெளியேறி அப்பன் வீட்டுக்குப் போனதும் எல்லாம் மாறிவிடுகிறது. செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பு, துணி வெளுப்பவர் பிள்ளை வெளுப்பு, வக்கீல் பிள்ளைக்கு? பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

ஒரு மாகாணத்தின் முதலமைச்சரே மாறுகிற அளவுக்குக் கல்வித் தத்துவத்துக்காகத் தெருவில் சண்டை போட்டவர்கள் நம் ஆட்கள். எங்கள் புத்தகத்தில் பயனளவைவாத யூனிட்டில் இது இல்லை. கல்வி வரலாறு என்ற வேறொரு யூனிட்டில், குழுக்களும் ஆணைகளும் வரும் பட்டியலில், ஒரு வரியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் டூயியும் புரிவார், 1953உம் புரியும்.

இதைவிடப் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம். 1920களின் தொடக்கம். வெள்ளைக்காரன் கல்வி வேண்டாம், நம் மண்ணின் கல்வி, தமிழ், உடற்பயிற்சி, உடல் உழைப்பு, நாட்டுப்பற்று. இலட்சியவாத யூனிட்டில் எடுத்துக்காட்டாக அப்படியே வைக்கலாம். காங்கிரஸ் அதற்கு 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே பிராமணப் பையன்கள் இரண்டு பேர் மட்டும் தனியாகச் சாப்பிட்டார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள். விவகாரம் காந்தி வரைக்கும் போயிற்று. 1925இல் ஐயர் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். அதே ஆண்டு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கான காரணங்களில் இந்தக் குருகுலமும் ஒன்று.

ஐயரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. பெரிய படிப்பாளி, நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர். அதனால்தான் இந்தக் கதை ஒரு பயிற்சி ஆசிரியருக்கு இவ்வளவு முக்கியம் என்கிறேன். நோக்கம் உயர்ந்தது, பாடத்திட்டம் நல்லது, ஆசிரியர் தியாகி. பந்தியில் போய் எல்லாம் இடித்துவிட்டது. ‘கல்வியின் உயர்ந்த நோக்கங்கள்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாப்பாட்டுப் பந்திதான் கண்ணில் வருகிறது. சேரன்மாதேவி வழியாகப் பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிற எங்களுக்கு இதை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

அப்புறம் முப்பது வருஷம் கழித்து, 1956இல், அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில், காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் வெந்த சோற்றைச் சாப்பிட வேண்டும். இது எந்த வாதத்தில் சேரும் என்று எங்களைக் கேளுங்களேன், பதினைந்து மார்க்குக்கு. ரூசோ என்ன சொல்வார்? பிளேட்டோ? பசியோடு இருக்கும் பிள்ளையைப் பற்றி இவர்களில் யார் கவலைப்பட்டார்கள்? நான் அந்த விடையை எழுத ஆசைப்படுகிறேன். கைடில் இருக்காது என்பதால் எல்லோரும் சொந்தமாகத்தான் எழுதியாக வேண்டும்.

மேற்கிலிருந்துதான் எல்லாமே வந்தது என்ற எண்ணமும் மாணவர்களிடம் ஊறிக்கிடக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூர் ஆண் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் காப்பகத்தில் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போயிருக்கிறார்!

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் தொடக்கப் பள்ளியில் படித்தது செயல்வழிக் கற்றல் வந்த காலம். தரையில் உட்கார்ந்து அட்டை அட்டையாக, ஏணியில் ஒரு படி ஒரு படியாக. அந்த முறை தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி ஆந்திராவில் நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்த கிராமப்புறப் பள்ளிகளில் உருவானது என்பது பி.எட். வந்த பிறகும் எனக்குப் பாடத்தின் வழியாகத் தெரியவில்லை. கிருஷ்ணமூர்த்தியின் பிறந்த ஊரும் வருஷமும் மனப்பாடமாகத் தெரியும்.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன என்று கேட்பீர்கள். இன்றைக்குக் கைக்கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். கைதானவர்களில் அவனோடு படித்த மாணவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. நான் டீச்சிங் பிராக்டிஸுக்குப் போன பள்ளியிலும் கயிறு கூடாது. பையன்கள் கேட்டில் நுழையும்போது கழற்றிப் பாக்கெட்டில் போடுகிறார்கள், மாலையில் கேட்டுக்கு வெளியே போய்க் கட்டிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் 1932இல் கல்வியாளர் ஜார்ஜ் கவுன்ட்ஸ் கேட்டார்: புதிய சமுதாயத்தைக் கட்டப் பள்ளிக்குத் துணிச்சல் உண்டா? மீள்கட்டமைப்புவாதம் என்று இரண்டு மார்க் கேள்வியாக அதை எங்களுக்கு வைக்கிறீர்கள். இங்கே ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதேகால் மணிக்குக் கேட்டருகே நிற்கிற ஆசிரியருக்கு வரும் கேள்வி அது. பையனின் கையைப் பார்க்கிறதோடு அவர் வேலை முடிந்ததா? வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டுமா? பேசினால் ஊர் என்ன சொல்லும்? ஆசிரியர் மனசுக்குள்ளேயே ஒரு கயிறு இருந்தால்? இருத்தலியல்வாதிகள் பொறுப்பு என்று சொன்னது எதை என்பது எனக்கு அந்தக் கேட்டருகே நின்றபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

பாவ்லோ பிரையரே பற்றியும் ஒரு வார்த்தை. 1963இல் பிரேசிலின் ஆஞ்சிகோஸ் ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்தவர். மறுவருஷம் ராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் போட்டது. மாணவன் தலையை உண்டியலாக நினைத்துத் தகவலைப் போட்டு நிரப்புவதை ‘வங்கி முறை’ என்று கிண்டல் செய்தவர். ‘வங்கி முறைக் கல்வி – வரையறு’ என்று கேட்கிறீர்கள். நாங்களும் வரையறுக்கிறோம்.

என் கோரிக்கைகள் பெரிய செலவு வைப்பவை அல்ல. முதலாவது வினாத்தாள். ‘நோக்கங்களை விவரி’ என்பதைக் குறைத்து, ஒரு சம்பவத்தைக் கொடுத்து, இரண்டு தத்துவவாதிகள் இதில் எங்கே முட்டிக்கொள்வார்கள், நீ யார் பக்கம், ஏன் என்று கேளுங்கள். வினாத்தாள் மாறினால் கைடு தானாக மாறும். கைடு மாறினால்தான் எங்கள் படிப்பு மாறும் என்பது கசப்பான நடைமுறை. அடுத்து, ‘எமிலி’யிலிருந்து, டூயியிலிருந்து, வார்தா அறிக்கையிலிருந்து ஐந்தாறு பக்கமாவது நல்ல தமிழில் நேரடியாகப் படிக்கக் கொடுங்கள். தத்துவவாதியின் சொந்தக் குரலையே கேட்காமல் அவரைப் பற்றி இருபது பக்கம் எழுதுவது ஒரு விசித்திரம். 1953உம் சேரன்மாதேவியும் எட்டயபுரமும் தத்துவ யூனிட்டுக்குள்ளேயே வரட்டும். மற்ற மாவட்டங்களுக்கு அவரவர் ஊர்க் கதைகள் இருக்கும்.

ரெக்கார்டு நோட்டுகள் பற்றியும் சொல்ல வேண்டும். படம் ஒட்டி, கலர் பேனாவில் பார்டர் போட்டு, எத்தனை ரெக்கார்டுகள்! அதில் ஒன்றை எடுத்துவிட்டு, டீச்சிங் பிராக்டிஸ் நாட்களில் வகுப்பில் நான் எடுத்த ஒரு முடிவு, அதற்குப் பின்னால் இருந்த நம்பிக்கை, அதோடு எந்தத் தத்துவவாதி சண்டைக்கு வருவார் என்று வாரம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் நூறாண்டு தாண்டிய பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் இருக்கின்றன. அனுபவத்தின் வழியாகக் கல்வி என்று எழுதும் எங்களை ஒரு நாளாவது அங்கே உட்காரவையுங்கள்.

மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்ற யோசனை இருந்தால், ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு பி.எட். படிக்கிற நாலைந்து பேர் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். சோஃபி வரும் பகுதியை முதலில் கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள். திருத்திக் கொடுக்க ஒரு பேராசிரியரை நீங்கள் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி,
திருநெல்வேலி மாவட்டம்.