முந்திய இரவில் எழுதும் குறிப்பேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாதிமை, பாலர்பள்ளி, தமிழாசிரியர் பயிற்சி என எதில் சேர்ந்தாலும் 'ரிஃப்லெக்‌ஷன் ஜர்னல்', அதாவது பயிற்சியில் நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பேடு, எழுதச் சொல்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் பலர் பத்து வாரக் குறிப்பையும் ஒப்படைப்பதற்கு முந்திய இரவில் எழுதுகிறார்கள். அதற்குள் நடந்தது மங்கி, நடந்திருக்க வேண்டியதுதான் தாளில் வரும்.

எழுதும் முறையாகப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிகள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது சரி எது சரியில்லை, ஏன், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். சறுக்கல் முதற்படியிலேயே தொடங்கிவிடுகிறது. நடந்ததை ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு 'ஏன்' என்பதற்கு ஒரே வரி! நடந்ததை ஐந்து வரியில் நிறுத்திக்கொண்டால் ஏனுக்கு இடம் கிடைக்கும். இரண்டாம் படியில் எல்லாரும் 'கஷ்டமாக இருந்தது' என்கிறார்கள். பயமா, வெட்கமா, எரிச்சலா? மூன்றுக்கும் மருந்து வேறு.

"பாடம் நன்றாகப் போனது. அடுத்த முறை நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவேன்." இப்படி எழுதி ஒரு பயனும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்: "தொடக்கநிலை 3. குழு வேலைக்கு நான்கு கட்டளைகளை ஒரே மூச்சில் சொன்னேன். பின்வரிசைக் குழு என்ன செய்வதென்று ஆங்கிலத்தில் தங்களுக்குள் கேட்டுக்கொண்டது. ஏழு நிமிடம் போயிற்று. கவனக்குறைவு அவர்களுடையதன்று, நான்கையும் நினைவில் வைக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு மாணவரைத் திருப்பிச் சொல்ல வைப்பேன்." செவ்வாய்க்கிழமை செய்தாரா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

வீடு திரும்பும் எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் நான்கு சொல் குறித்துக்கொண்டு, அன்றிரவே பத்து நிமிடம் எழுதினால் போதும். வாரத்துக்கு இரண்டு நிகழ்வு. தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் வரட்டும். பக்கத்தின் வலப்புறம் மூன்றில் ஒரு பங்கை வெறுமனே விட்டு, நான்கு வாரம் கழித்துத் திரும்பப் படித்து, தோன்றுவதை வேறு நிற மையில் அங்கே எழுத வேண்டும். ஒரே காரணம் மூன்று இடத்தில் தலைகாட்டினால் முதலில் திருத்த வேண்டியது அதைத்தான். நன்றாக நடந்ததையும் எழுதுங்கள். எதனால் என்று தெரிந்தால்தானே மறுபடி செய்யலாம்.

தாதியருக்கு ஒன்று: நோயாளியின் பெயரை விட்டுவிட்டுப் படுக்கை எண்ணையும் தேதியையும் எழுதினால், ஆளை அடையாளம் காட்டியதாகவே ஆகிவிடும். 'முதியவர் ஒருவர்' போதும்.

பயிற்சி தருவோரிடம் ஒரு வேண்டுகோள். குறிப்பேடு முழுவதற்கும் மதிப்பெண் என்றால் யாரும் தவற்றை எழுத மாட்டார்கள், சிவப்பு மையில் எழுத்துப்பிழை திருத்தினால் அதைவிட மோசம். பயிற்சி பெறுபவரே தேர்ந்தெடுத்துத் தரும் இரண்டு பதிவுகளை மட்டும் மதிப்பிடுங்கள். மற்றவை அவரிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்