முப்பது நாள், எந்த நாளிலிருந்து?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒப்பந்த வேலை செய்யும் சிறு தொழிலர்கள் பணப்புழக்கத்தைச் சமாளிப்பது எப்படி என்று தங்கள் சென்ற இதழின் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தது ஆவலால். இரண்டாம் முறை படித்தது, அந்த ஒரு வரி உண்மையிலேயே அங்கே அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள. "பில் கொடுத்த முப்பதாம் நாள் பணம் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள், சற்றுத் தாமதமானால் கையிருப்பைக் கொண்டு சமாளியுங்கள்" என்கிறது அந்த வரி.

கட்டுமான இடங்களில் மின்வேலையை, பெரிய ஒப்பந்தக்காரர்களிடமிருந்து உள்ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிறவன் நான். இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் முப்பதாம் நாள் பணம் வந்த பில்களை எண்ணுவதற்கு இரு கை விரல்களே எனக்கு மிகுதி. அவற்றுள்ளும் ஒன்று, வேறொருவருக்குப் போக வேண்டிய தொகையைக் கணக்காளர் தவறுதலாக என் கணக்கில் போட்டுவிட்டு, மறு வாரமே திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டது.

முப்பது நாள் என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கட்டுரையாளர் யாரிடமாவது கேட்டாரா என்பதே என் முதல் ஐயம். வேலை முடிந்த நாள், அளவெடுத்த நாள், பில் கொடுத்த நாள், பில் 'ஏற்றுக்கொள்ளப்பட்ட' நாள் ஆகிய நான்கும் வெவ்வேறு நாள்கள் என்பதும், ஒப்பந்தத்தில் கெடு எண்ணப்படுவது பெரும்பாலும் நான்காவதிலிருந்தே என்பதும், அந்த நான்காவது நாளுக்குக் கெடு எதுவும் கிடையாது என்பதும் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஒருமுறை என் பில் மூன்று தடவை திரும்பி வந்தது: முதலில், வேலை கொடுத்தபோது அவர்கள் தரும் ஆணை எண் பில்லில் இல்லை என்று, அடுத்து, அவர்களே கொடுத்த ஆணை எண் தவறு என்று, மூன்றாவதாக, இதற்குள் மாதம் மாறிவிட்டதால் புதுத் தேதியிட்டுத் தர வேண்டும் என்று. ஒவ்வொரு முறையும் முப்பது நாள் ஒன்றிலிருந்து தொடங்கியது. நான் வேலையை முடித்த பிறகு, நான் மாட்டிய விளக்கின் கீழே அமர்ந்துதான் அந்தப் பில்லைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

சட்டம் இயற்றியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வந்த நுண், சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பொருளையோ சேவையையோ ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால் அதை ஒப்படைத்த அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டும் என்றும், என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் நுண், சிறு தொழிலர்களுக்குரிய தொகையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும், தவறினால் மாதந்தோறும் கூட்டும் வட்டி சேரும் என்றும் சொல்கிறது. பணம் தாமதமாவதைத் தடுக்க வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உத்தரவு, சரிபார்ப்பு என்ற பெயரில் இழுத்தடிப்பதே பொதுவாக 30 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. இவ்வளவு தூரம் யோசித்தவர்கள் இருக்கும்போது, தங்கள் கட்டுரையாளருக்கு மட்டும் முப்பது நாள் என்பது நாள்காட்டியில் எண்ணிப் பார்க்கும் எளிய காரியமாகத் தெரிந்திருக்கிறது.

சட்டம்தான் இருக்கிறதே, வட்டி கேட்க வேண்டியதுதானே என்று யாரேனும் கேட்கக்கூடும். கேட்கலாம், ஒரே ஒரு முறை. நான் கேட்டேன். வட்டி வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திலிருந்து அடுத்த வேலை வரவில்லை.

கையிருப்பு என்ற சொல்லைப் பார்த்துத்தான் எனக்குச் சினம் மூண்டது. கையிருப்பு லாபத்திலிருந்து சேர வேண்டும். என் போன்றவர்களின் பில்லில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ பிடித்தத் தொகையாக நிறுத்திக்கொண்டு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது வேலையில் பழுது தெரிந்தால் நாங்களே சரிசெய்து தர வேண்டிய காலம், முடிந்த பிறகே தருகிறார்கள். அக்காலம் பல ஒப்பந்தங்களில் ஓராண்டு. நூற்றுக்குப் பத்து எனக்கு மிஞ்சினால் அது நல்ல வேலை. ஆகவே என் லாபத்தில் பாதியோ முழுவதுமோ என்னிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது. அவர்களுடைய கையிருப்பு அது. அதைக் கொண்டு நான் சமாளிக்க வேண்டுமாம்.

தள்ளுபடி கொடுத்தால் சீக்கிரம் பணம் வரும் என்ற யோசனையும் அதே கட்டுரையில் இருக்கிறது. முப்பது நாளில் தர வேண்டியதைப் பத்து நாளில் தருகிறவருக்கு நூற்றுக்கு இரண்டு குறைத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் 98ஐ இருபது நாள் முன்னதாகப் பெறுவதற்கு 2 கொடுத்தால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 37 விழுக்காடு வட்டி என்பதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. இந்த வட்டிக்கு வங்கி ஒன்று கடன் கொடுத்திருந்தால் தங்கள் இதழே அதைக் கந்துவட்டி என்று தலையங்கம் எழுதியிருக்கும்.

இன்னொன்று. எங்களுக்கு மேலே இருப்பவர், தமக்கு மேலே இருப்பவரிடமிருந்து வந்தால்தான் தருவேன் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார். பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டமே கட்டுமான ஒப்பந்தங்களில் அத்தகைய நிபந்தனையை, மேலே இருப்பவர் நொடித்துப்போன நிலை நீங்கலாக, செல்லாததாக்கியது. ஆயினும் அதே நாட்டில், உள்ஒப்பந்தக்காரர்களுக்கு 120 நாள் கெடு வைத்திருந்த காரிலியன் என்ற பெருநிறுவனம் 2018 ஜனவரியில் கவிழ்ந்தபோது, சுமார் 30,000 சிறு, பெரு தொழிலர்களின் பணம் அதில் சிக்கிக்கொண்டது. அவர்களெல்லாம் திட்டமிடத் தெரியாதவர்களா?

நான் தொழிலை மூடும் நிலைக்கு வந்தது வேலை இல்லாத ஆண்டில் அன்று, வேலை மிகுந்த ஆண்டில். ஒரே சமயத்தில் மூன்று கட்டடங்கள் கிடைத்தன. மூன்றுக்கும் கம்பி, குழாய், சுவிட்சுப் பெட்டி எல்லாம் கைக்காசில் வாங்க வேண்டியிருந்தது. முதல் பில்லுக்குப் பணம் வரும்முன் ஆள்களுக்கு ஒன்பது வாரக் கூலி கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆண்டு முடிவில் கணக்கர் நல்ல லாபம் என்று என் கையைக் குலுக்கி, அந்த லாபத்துக்கு உரிய வரியையும் எழுதிக் கொடுத்தார். அன்றைய தேதியில் என் வங்கிக் கணக்கில் அந்த வாரக் கூலிக்கே பணம் இல்லை. மைத்துனரிடம் கைமாற்று வாங்கி வரி கட்டினேன், கைக்கு வராத பணத்துக்கு. வேலை கூடக் கூடப் பணம் கூடும் என்று நினைப்பவர்கள், தாமதமாகப் பணம் வரும் இடத்தில் வேலை கூடக் கூடக் கடன்தான் முதலில் கூடும் என்பதை ஒருமுறை பட்டே தெரிந்துகொள்கிறார்கள். அதைப் படாமலே தெரிந்துகொள்வதற்காகத்தானே ஐயா, பத்திரிகை படிப்பது?

அதன் பிறகு நானாகக் கற்றுக்கொண்டது கொஞ்சம் உண்டு. வரும் பதின்மூன்று வாரத்துக்கு வாரவாரியாக வரவு செலவு எழுதி வைக்கிறேன். வரவுப் பகுதியில் ஒப்பந்தத்திலுள்ள தேதியை எழுதுவதில்லை, அந்த ஆள் சென்ற முறை எத்தனை நாளில் கொடுத்தார் என்பதையே எழுதுகிறேன். ஒருவருக்கு 47 என்றும் இன்னொருவருக்கு 93 என்றும் என் நோட்டில் இருக்கிறது. பதினைந்து நாளில் தருவதாகச் சொல்லிவிட்டு மறைந்துபோகிறவரைவிட, ஒவ்வொரு முறையும் 93ஆம் நாள் தவறாமல் தருகிறவரே எனக்கு மேலானவர். முதல் கட்டப் பொருள்களுக்காவது முன்பணம் வராமல் இப்போது கம்பியைத் தொடுவதில்லை. வேலை முடியட்டும் என்று காத்திராமல் இரு வாரத்துக்கு ஒரு பில் போடுகிறேன். வரிக்குரிய பங்கை, பணம் வந்த அன்றே வேறு கணக்கில் ஒதுக்கிவிடுகிறேன். என் ஆள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஒப்பந்தக்காரரின் வேலையில் விடுவதில்லை என்பதும் ஒரு விதி; அதை மட்டும் இரண்டு முறை மீறி இரண்டு முறையும் வருந்தியிருக்கிறேன். பக்கம் நிறைய அறிவுரை எழுதிய கட்டுரையாளருக்கு இவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒப்பந்தக்காரருடன் இனிய உறவைப் பேணுவது பற்றி ஒரு பத்தி முழுக்க எழுத இடம் கிடைத்திருக்கிறது.

மூன்று ஆண்டுக்கு முன் இதே வணிகப் பக்கத்துக்கு இதே பொருள் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டீர்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால் அதில் பாதியை வெட்டி, 'பொறுமையே முதலீடு' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். நான் அப்படி ஒரு சொல்லை எழுதவில்லை. அதைப் படித்துவிட்டு, எனக்கு ஏழு மாதப் பாக்கி வைத்திருந்த ஒருவர் தொலைபேசியில் அழைத்து என்னைப் பாராட்டினார்.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். 'பில் கொடுத்த முப்பதாம் நாள்' என்று இருப்பதை, 'பில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முப்பதாம் நாள். ஏற்றுக்கொள்வதற்கான கெடுவையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளவும்' என்று மாற்றினால் போதும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு மின்பணி உள்ஒப்பந்தக்காரர்

(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பில்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.)